மே மாதத்துக் காவல்

ஒரு தானியக் களஞ்சியத்தில் நாயொன்று காவல் இருந்தது. நாளுக்கு நாள் தானியம் குறைவதைக் கண்ட எசமானர், அங்கே வாழும் உயிர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி முகர்ந்து பார்த்தார். நாயின் மீது மட்டுமே தானிய மணம் வீசியது. மூட்டைகளின் மேலேயே படுத்துக் கிடந்த நாயின் மீது வேறு எந்த மணம் வீசும்? எலிகளின் மீது மணம் ஏதும் இல்லை. அவை குளித்துவிட்டு வந்திருந்தன.

தர்மிளாவின் மீது மீன் மணம் வீசியது. பாரிசின் லா சப்பலில், மரியரட்ணம் நடத்திய பலசரக்குக் கடையின் பின்பகுதியில், வாரத்தில் ஆறு நாளும் அவள் மீன் வெட்டினாள். அறக்குளா, விளைமீன், கணவாய், சூடை என்று அவளுடைய கத்தியின் கீழ் வராத மீன் இல்லை. எலுமிச்சையால் தேய்த்தாலும் கையைவிட்டு அந்த மணம் போவதில்லை. மாலையில் புறநகரான வில்லியே லே பெல்லுக்குத் திரும்பும் தொடருந்தில் அவளுக்கு அருகே இருப்பவர்கள் எழுந்து வேறு இருக்கைக்குப் போவதுண்டு. கால் நீட்டி உட்கார இடம் கிடைத்ததே என்று அவள் நீட்டிக்கொள்வாள்.

திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்று தூண்டில் கோலை உறையில் இட்டு, கடையில் மீன் வந்திறங்கும், கடைப் பெயர் எழுதிய வெள்ளை ரெஜிபோம் ஐஸ் பெட்டி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து ஏறுவாள். கோதுமை வயல்களுக்கு அப்பால், மீன்பிடிச் சங்கம் ஒன்றுக்கு உரிய சிறு குளம் இருந்தது. அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்பதை வாசகரிடம் மறைக்க வேண்டியதில்லை: ஒரு தேநீர்க் குடுவை, இரண்டு ரோல்ஸ், ஒரு துவாய், மழைச்சட்டை. மூடிவிட்டால் அதுவே உட்காரும் முக்காலியும் ஆகிவிடும்.

குளத்தில் பாஸ் மீன்கள் இருந்தன. பச்சை முதுகும், கண்ணுக்குப் பின்னால் வரை பிளந்த வாயும் கொண்ட முரட்டு மீன்கள். பிடித்த மீனை உயிரோடு திரும்ப விட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. கடையில் இது பெரிய பகிடியாகிவிட்டது.

“ஏன் பிள்ளை, பிடிச்ச மீனைத் திருப்பி விடுறியாம். உண்மையோ?” என்று மரியரட்ணம் ஒருநாள் கேட்டார்.

“ஓம் அண்ணை.”

“விசரே உனக்கு? மன்னாரிலை கொப்பர் கேள்விப்பட்டால் வள்ளத்தோடை தாண்டு போவார்.”

“திங்கட்கிழமை என்ரை லீவு அண்ணை. லீவு நாளிலையும் செதில் தட்டச் சொல்லுறியளோ?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தர்மிளா சிரிக்காமல் அடுத்த மீனைக் கட்டையில் வைத்தாள்.

நான்கு ஆண்டுகளாக அவள் அந்தக் குளத்தைப் படித்துவந்தாள். ஆகஸ்டு வெயிலில் மீன்கள் அல்லி இலைகளின் நிழலுக்குள் ஒடுங்கிவிடும். சூரியன் ஏறுவதற்கு முன் அரை மணி நேரம் மட்டும் வெளியே வரும். ஒக்டோபரில் சிறுமீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு கரையோரத்துக்கே வந்து தண்ணீரைக் கிழிக்கும். சனவரியில் மதகுச் சுவருக்கு அடியில், குளத்தின் மிக ஆழமான குழியில், அசையாமல் கிடக்கும். அப்போது ரப்பர் புழுவை அடியில் இட்டு, அது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று மீனுக்கே ஐயம் வரும் அளவுக்கு மெதுவாக இழுக்க வேண்டும். ஒரு மீனுக்காக நான்கு மணி நேரம் குளிரில் விறைத்து நின்றிருக்கிறாள்.

பிடித்த மீனைத் தண்ணீரைவிட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றிவிடுவாள். கைபேசியை எடுத்துப் படம் பிடித்ததே இல்லை. திங்கட்கிழமைகளில் குளக்கரையில் வேறு எவரும் இருப்பதும் இல்லை. ஆகவே, அவள் பிடித்த மீன்களுக்கும் விட்ட மீன்களுக்கும் சாட்சி ஒருவருமில்லை. இதுவே வினையாயிற்று.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை, சங்கத்தின் செயலாளர் லாசர் கடைக்கு வந்தார். புதுச்சேரியில் பிறந்து, பாரிசில் முப்பது ஆண்டுகள் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எவரோடும் முரண்படாமல் வாழ்ந்து முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே கொள்கை. அரைக் கிலோ இறால் கேட்டார்; பிறகு ஒரு கடிதத்தை நீட்டினார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சங்கத்துல புது ரெக்லெமான், புது விதி. ஐஸ் பெட்டியோட வர்றவங்க வாசல்ல திறந்து காட்டணும்.”

“எத்தினை பேர் ஐஸ் பெட்டியோடை வருகினம்?”

லாசர் இறாலைப் பார்த்தார். “நீங்க மட்டுந்தாம்மா.”

“அப்ப என்ரை பேரையே எழுதியிருக்கலாமே. பெட்டியிலை ஏன் பழியைப் போட்டவை?”

“பாஸ் மீனே கண்ணுல படலையாம். ஆகஸ்ட்லயும் இல்ல, குளிர்காலத்திலயும் இல்ல. நம்ம தலைவர், பிரெசிதான் றொஜர், ரொம்பக் கவலையா இருக்காரு. நீங்க மீன் கடையில வேல பார்க்கிறீங்க, பெட்டியும் மணக்குது… ஒரு நிமிஷம் திறந்து காட்டிட்டா முடிஞ்சுதும்மா. உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு எனக்கே தெரியும்.”

“உங்களுக்குத் தெரியுமெண்டால் அவருக்குச் சொல்லியிருக்கலாமே, ஐயா.”

“நான் வெறும் செக்ரெத்தேர். எழுதுறதுதான் என் வேல.”

“நானும் வெறும் மீன் வெட்டுறவள்தான். ஆனால் வாயிருக்கு.”

மறுநாள் ஞாயிறு குளக்கரையில் சங்கத்தின் கூட்டம். பெட்டியைத் திறக்க மறுத்தால் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கடிதம் முடிந்திருந்தது. ஞாயிறு கடையில் கூட்டம் அலைமோதும் நாள். விடுப்புக் கேட்டதும் மரியரட்ணம் கொதித்தார்.

“நாளைக்கோ? எனக்கு ஆர் மீன் வெட்டுறது?”

“பெட்டியிலை உங்கடை கடைப் பேரெல்லே கிடக்கு அண்ணை. கள்ளப் பட்டம் எனக்கு மட்டுமில்லை.”

மரியரட்ணம் கடிதத்தை வாங்கி வாசித்தார். பிறகு தம்முடைய ஏப்ரனைத் தேடி எடுத்துக் கட்டிப் பார்த்தார். “போ பிள்ளை. வாயாலை நல்லாய்க் குடுத்திட்டு வா.”

குளக்கரையில் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். தலைவர் றொஜருக்கு எழுபது வயதிருக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த மீன்களைக் குஞ்சுகளாக வாளிகளில் சுமந்துவந்து குளத்தில் விட்டவர் அவரே. கெட்ட மனிதர் அல்லர், இழந்துவிட்டதாக அஞ்சுபவர். அச்சத்துக்கு மூக்கு மட்டும் கூர்மையாகிவிடுகிறது.

“பெட்டியை இப்படி வையுங்கள், மதாம்” என்றார்.

தர்மிளா பெட்டியைத் தரையில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். பிரெஞ்சு அவளுக்குத் தெரியும். ஆனால் கோபம் தமிழில்தான் வந்தது. லாசரைப் பார்த்துச் சொன்னாள்:

“மற்ற ஆக்களின்ரை காரைத் திறந்து பாத்திட்டு வரச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு என்ரை பெட்டியைத் திறக்கிறன்.”

லாசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மதாம் சற்று மனவருத்தத்தில் இருக்கிறார் என்று பிரெஞ்சில் கூறினார்.

“ஐயா, நான் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ. சீனி போடாதேங்கோ.”

சிலர் சிரித்தார்கள். றொஜர் சிரிக்கவில்லை.

“என் மீன்கள் எங்கே, மதாம்?”

“இருக்கு. எல்லாம் இருக்கு. உங்களுக்குத் தேடத் தெரியேல்லை.”

லாசர் இம்முறை பாதிச் சீனியோடு மொழிபெயர்த்தார். றொஜரின் முகம் சிவந்தது. “இருந்தால் இப்போதே ஒன்றைப் பிடித்துக் காட்டுங்கள். எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். பெட்டியையும் திறக்க வேண்டாம். பிடிக்க முடியாவிட்டால் அட்டையைக் கொடுத்துவிடுங்கள்.”

தர்மிளா குளத்தைப் பார்த்தாள். சாய்ந்து கிடந்த வில்லோ மரத்தின் அருகே, முழங்கால் அளவு நீரில், ஓர் ஆண் மீன் கூடு கட்டியிருந்தது. சேற்றை வாலால் விலக்கிச் சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குச் சரளையை வெளிக்கொணர்ந்து, அதன் மேல் முட்டைகளைக் காத்து நின்றது. முட்டையிட்ட பெண் மீன் போய்விடும். ஆண் மீன் இரை தேடப் போகாமல், குஞ்சுகள் கலையும் வரை காவல் நிற்கும். கூட்டின் மேல் எது விழுந்தாலும் கவ்வித் தூர எறியும். பசியால் அல்ல, சினத்தால். அங்கே ஒரு புழுவைப் போட்டால் ஒரு நிமிடத்தில் அவள் கையில் மீன் இருக்கும். அவளுடைய பெயரும் மீண்டுவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குள் சுற்றிலும் காத்திருக்கும் சிறு சூரிய மீன்கள் கூட்டிலுள்ள முட்டைகளைத் தின்றுவிடும்.

“மாட்டன்” என்றாள். “முட்டைக் காலம். காவல் நிக்கிறதைப் பிடிக்கேலாது. வாங்கோ, காட்டிறன். குனிஞ்சு பாத்தால் தெரியும்.”

அவள் கையை நீட்டி இடத்தைக் காட்டினாள். அவள் செய்த ஒரே பிழை அதுதான்.

லாசர் அதைப் பிரெஞ்சில் சொன்னதும் றொஜர் கரைக்கு வந்தார், குனியவில்லை. காற்றில் நீர் மினுங்கியது. “எனக்குச் சேறு மட்டுமே தெரிகிறது” என்று சொல்லித் தம் தூண்டிலை எடுத்து, அவள் காட்டிய இடத்தில் வீசினார்.

நீர் வெடித்தது. தூண்டில் கோல் வில்லாய் வளைந்தது. உறுப்பினர்கள் ஆரவாரம் செய்தார்கள். சிறிது நேரத்தில் இரண்டு கிலோவுக்குக் குறையாத மீன் றொஜரின் கையில் இருந்தது. அவருடைய கண்கள் கலங்கின. குழந்தையைப் போல் சிரித்தார். “இருக்கிறது! உயிரோடு இருக்கிறது! படம் எடுங்கள், அளவுகோலைக் கொண்டுவாருங்கள்!”

அந்த வேளையில் ஒருவரும் கூட்டைப் பார்க்கவில்லை. தர்மிளா பார்த்தாள். நாலாபுறமிருந்தும் சூரிய மீன்கள் வந்துகொண்டிருந்தன. முதலில் ஒன்று, பிறகு ஐந்தாறு, பிறகு எண்ண முடியவில்லை. அவள் சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கினாள். கூட்டின் விளிம்பில் காலை ஊன்றி, அதை மிதித்துவிடாமல் குனிந்து, இரு கைகளாலும் நீரை அடித்து அவற்றை விரட்டினாள். ஒருபுறம் விரட்டினால் மறுபுறம் வந்தன.

“ஐயா! விடு கிழவா, இப்பவே விடு எண்டு சொல்லுங்கோ!”

லாசர் அவளைப் பார்த்தார். நீரில் துடிக்கும் வெள்ளி வயிறுகளைப் பார்த்தார். பிறகு தம் வாழ்நாளில் எவரும் கேட்டிராத குரலில், கிழவா என்ற சொல்லையும் விடாமல், அதை அப்படியே பிரெஞ்சில் கத்தினார்.

றொஜர் கையிலிருந்த அளவுகோலை நழுவவிட்டார். நீரில் குனிந்து சுழலும் பெண்ணை இப்போதுதான் கண்டார். அவள் எதை விரட்டுகிறாள் என்பதும் அவருக்குப் புரிந்தது. முழங்காலிட்டு மீனைத் தண்ணீரில் வைத்து விரல்களைத் திறந்தார்.

மீன் சற்று நேரம் மயங்கி நின்றது. ஆழத்துக்குப் போய்விடும் என்றே எல்லோரும் எண்ணினார்கள். அது திரும்பியது. சூரிய மீன்களின் நடுவே பாய்ந்து சிதறடித்தது. கூட்டின் மேல் நின்று ஒரு வட்டம் சுற்றியது. பிறகு தர்மிளாவின் கணுக்காலில் வந்து மோதியது. ஒரு முறை, இன்னொரு முறை.

“போறன், போறன். என்னோடை ஏன் சண்டைக்கு வாறாய்?” என்று அவள் பின்வாங்கினாள்.

றொஜர் கைகொடுத்தார். அவள் வில்லோக் கிளையைப் பிடித்துத் தானாகவே ஏறினாள். இடுப்புவரை நனைந்திருந்தது.

“மன்னியுங்கள், மதாம்” என்றார் அவர் எல்லோர் முன்னிலையிலும். “உங்கள் பெட்டியை இனி நீங்கள் திறக்க வேண்டியதில்லை.”

“எனக்கு மட்டும் சலுகை வேண்டாம். ஒருத்தற்றை பெட்டியும் திறக்கிறேல்லை எண்டு எழுதச் சொல்லுங்கோ. மற்றது, ஜூன் முடியுமட்டும் இந்தக் கரையிலை ஒருத்தரும் தூண்டில் போடேலாது. பிரெசிதானும்தான்.”

லாசர் சொன்னார். சீனி இல்லை. முதலாவதுக்கு றொஜர் தலையசைத்தார். இரண்டாவதைப் பற்றி உறுப்பினர்கள் பேச வேண்டும் என்றார்.

“கதையுங்கோ. நான் இஞ்சை இருக்கிறன்.”

வில்லோ மரத்தின் கீழே கூட்டுக்கு நேரே அவள் உட்கார்ந்தாள். சப்பாத்தைக் கழற்றி நீரைக் கவிழ்த்தாள். அவர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். குரல் உயர்ந்தது, தாழ்ந்தது. தூண்டிலோடு அந்தப் பக்கம் வந்த ஒருவர் அவளுடைய முகத்தைக் கண்டு மறுகரைக்குப் போனார்.

இறுதியில் லாசர் ஒரு தாளோடு வந்து வாசித்துக் காட்டினார். பெட்டிச் சோதனை நீக்கப்படுகிறது. வில்லோக் கரையில் ஜூன் இறுதிவரை மீன்பிடிப்பதைத் தவிர்க்குமாறு உறுப்பினர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

“கேட்டுக்கொள்ளப்படுகிறார்களோ?”

“ஆமாம்மா. கொஞ்சம் மரியாதையா இருக்கட்டுமேன்னு…”

“அதை அடிச்சுப்போட்டு, தடை எண்டு எழுதுங்கோ.”

லாசர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். றொஜர் நின்ற பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தாளைத் தொடை மேல் வைத்து அந்தச் சொல்லை ஒரே கோட்டில் அடித்தார்.