மூன்றாவது இழை

அப்பா மறுபடி ஓங்கியபோது ஹெல்மெட்டின் விளிம்பு, அண்ணனோடு பட்டறையில் வேலை பார்க்கும் சங்கின் புருவத்தைப் பிளந்தது. அது அண்ணனின் ஹெல்மெட். அதைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் சங்கு வந்திருந்தான். பட்டறை அதிரக் கத்துகிறவன் என்பதால் அண்ணன் வைத்த பெயர் சங்கு.

"வாயத் திறடா! எம் புள்ள மெஷினுக்குள்ள படுத்து வேலை பாக்குறான், நீ வெளிய நின்னு என்னத்தப் புடுங்கினே?"

"திரையத்தான் பாத்துக்கிட்டிருந்தேம்ப்பா. தட்டு மேல போகுதுன்னு காட்டுச்சு. பயப்படாம பாருடான்னு நாந்தான் கத்தினேன்."

"மேல போன தட்டு அவன எப்படிடா நசுக்கும்?"

அடுத்த அடி விழுந்தது. கூடத்தின் நடுவே, கழுத்துவரை அண்ணனைப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு ரத்தம் தெறித்தது. அம்மா எதையும் நிமிர்ந்து பார்க்காமல் அதை மட்டும் விரலால் துடைத்தாள். அது பரவியது.

எப்படி என்று சுவரோரம் நின்ற தங்கைக்குத் தெரியும். அண்ணன் படுத்திருந்த அழுத்து இயந்திரத்தில், மேலே நிற்கும் தட்டின் ஓரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையாத இடுக்கு; தட்டு இறங்கினால் அது குறையும். அதை அளக்கும், மெல்லிய கண்ணாடி இழைகள் இரண்டு கொண்ட ஒளியிழைக் கருவி அவள் வடிவமைத்தது. "மகாராணி தலைமுடிக்குள்ள வெளிச்சம் விட்டு அளக்குறாங்களாம்" என்று கேலி செய்துகொண்டே அண்ணன்தான் பொருத்தினான். ஓர் இழையில் போகும் வெளிச்சம் தட்டில் பட்டு மற்ற இழையில் திரும்பும். தட்டு விலகிப் போனால் திரும்பும் வெளிச்சம் மங்கும். ஒட்டுகிற அளவுக்கு நெருங்கினாலும் மங்கும். மூன்றாவதாக ஓர் இழை இருந்தால் விலகியதா நெருங்கியதா என்று பிரித்துச் சொல்லியிருக்கும். இடம் போதவில்லை. அவ்வளவு கிட்ட எங்கே வரப்போகிறது என்று விட்டுவிட்டாள். நேற்று தட்டு நழுவி இறங்க இறங்க, ஏறுகிறது என்றது அவள் கருவி.

வாயை மூடிக்கொண்டு நின்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சங்குக்கும்கூட.

ஹெல்மெட் மீண்டும் உயர்ந்தது. அவள் குறுக்கே போய் நின்றாள்.

"அவர விடுங்கப்பா. அவரு சரியாத்தான் பாத்தாரு. கருவிதான் தப்பாக் காட்டுச்சு."

"எந்தக் கருவி?"

"நான் செஞ்சது."

ஹெல்மெட் தரையில் விழுந்து, உருண்டு, அண்ணனின் காலருகே போய் நின்றது. அப்பாவின் வெறுங்கை ஓங்கி இறங்கி, அவள் கன்னத்துக்கு நாலு விரல் தள்ளி நடுங்கியது.

அவள் கண்ணை மூடவில்லை. அத்தனை கிட்டத்தில் அந்தக் கை வருகிறதா போகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.