ஹோன் அடிக்காத பிற்பகல்

மதிப்புக்குரிய குடியிருப்பாளர்கள் அனைவருக்கும் இத்தால் அறியத் தரப்படுவது யாதெனில், பதுளை நகரின் ஏழு மாடி அதிசயமாகிய ‘மலையரசி ஹைட்ஸ்’ கட்டடத்தைப் பீடித்திருந்த வாகன இரைச்சல், நமது சங்கத்தின் இடையறாத போராட்டத்தின் பயனாக இன்று பிற்பகல் தொடக்கம் ஒழிக்கப்பட்டுவிட்டது. நான்கு மணிக்கு அனைவரும் மொட்டைமாடிக்கு வருக. கேக் உண்டு.

சங்கத் தலைவர் விஜேந்திரன் இதைக் கைப்பட எழுதி லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தார். ஓய்வுபெற்ற உதவிப் பணிப்பாளர். எந்தத் திணைக்களம் என்று கேட்டால் “அரசாங்கத்தில்” என்பார்.

நான்காம் மாடி நிஷாந்தினி டீச்சர் அதை வாசித்தாள். உடனே மணியைப் பார்த்தாள்.

கீழே நின்றால் பெரிதாகத் தெரியாத சத்தம், எதிர் மலையில் மோதி நேராக மேல்மாடிகளுக்குத்தான் ஏறி வரும். த்ரீவீலர், லொறி, கீழே பசறை வீதியில் இறங்கி வரும் பஸ்கள். அதிலும் மடுல்சீமை பஸ் ஒன்று, தினமும் மூன்றே காலுக்குக் கட்டடத்தின் கீழ் வளைவில் கல்யாண வீட்டு நாதஸ்வரம் போல ஹோன் அடிக்கும். தலைவரின் பகல் தூக்கம் கலைவது அதில்தான். பொலிசுக்குக் கொடுத்த மனுவின் முதல் பந்தி முழுக்க அந்த ஹோனுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. நிஷாந்தினியும் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்த பஸ்ஸை ஓட்டுவது தன் புருஷன் சதீஸ்குமார் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. குடிவந்த அன்று கேட்டவர்களிடம் “டிரான்ஸ்போர்ட் துறையில இருக்கார்” என்றிருந்தாள். அவர்களும் ஏதோ கந்தோர் உத்தியோகம் என்று மரியாதையாக விட்டுவிட்டார்கள். அந்த ஹோன், தேத்தண்ணிக்குத் தண்ணீர் வை என்று அவளுக்கு மட்டும் வரும் சேதி.

இன்று காலை, அவன் சாவியை எடுத்தபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“இனிமே ஹோன் அடிக்காதீங்க. மானம் போகுது.”

“மலப் பாதையில ஹோன் அடிக்காம ஓட்டுறதும் கண்ணக் கட்டிக்கிட்டு ஓட்டுறதும் ஒன்னுதான்டி.”

“நம்ம வளைவுல மட்டும்.”

“கைக்கு அது தெரியுமா? அடிச்சா எல்லா எடத்துலயும் அடிக்கும், விட்டா எல்லா எடத்துலயும் விட்டுரும்.” படியிறங்கப் போனவன் திரும்பிச் சிரித்தான். “சரி டீச்சரம்மா, ஒங்க கையெழுத்துக்கு மரியாத குடுக்கிறேன்.”

இப்போது மூன்றே முக்கால். ஹோன் கேட்கவில்லை. பல்கனியில் நின்று பார்த்தால் மூடுபனியில் வீதியே இல்லை. மூன்று நாள் மழை. அவன் போன் ஓஃப். சொன்ன சொல்லைக் காப்பாற்றிச் சத்தமில்லாமல் போயிருப்பான் என்று தேற்றிக்கொண்டாள். ஆனால் மற்ற பஸ்கள்? லொறி? ஒரு த்ரீவீலர்கூடவா கிடையாது? அவனுக்குக் கட்டளை போட்டது அவள். ஊருக்கெல்லாம் போட்டது யார்? ஹோன் அடிக்காத ஒரு பஸ், பனிக்குள் ஒரு வளைவு, எதிரே ஒரு லொறி என்று மனம் தானாக ஓடியது. விஜேந்திரனின் மனுவுக்கு நிஜமாகவே சக்தி இருக்க வேண்டும் என்று அன்றுதான் அவள் முதன்முதலாகச் சாமியை வேண்டிக்கொண்டாள்.

மொட்டைமாடியில் குடைகள் கூடியிருந்தன. பக்கத்து வீட்டு ஹம்ஸியா அவள் கையைப் பிடித்தாள்.

“என்ன டீச்சர், கையி ஐஸ் மாதிரி கெடக்கு?”

“ஒன்னுமில்ல. குளிர்.”

“தலைவர் சேர் பேசி முடிக்கிறத்துக்குள்ள இன்னம் குளிரும்.”

தலைவர் பேசினார். பேனாவின் வலிமை பற்றி, நாகரிகம் பற்றி, சத்தம் போடுபவர்களின் வளர்ப்புப் பற்றி. கேக்கின் மேல் தூறல் விழுந்து ஐசிங் கரைந்தது. கடைசியில் கையை உயர்த்தினார்.

“நாம வென்றெடுத்த இந்த அமைதிய ரெண்டு நிமிஷம் எழும்பி நின்னு கேப்போம்.”

ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். எப்படி நிற்பது என்று தெரியாமல் ஒருவர் தலை குனிந்தார். அதைப் பார்த்து எல்லோரும் குனிந்தார்கள். நிஷாந்தினி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு பனியைப் பார்த்தாள்.

காவலாளி மாரிசாமி மூச்சு வாங்கப் படியேறி வந்தார். தேத்தண்ணிக் கடைக்குப் போய் வந்தவர் போலிருந்தது, உடம்பெல்லாம் ஈரம். குனிந்த தலைகளைக் கண்டதும் சட்டென்று நின்றார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஓசைப்படாமல் அவள் பக்கத்தில் வந்து தானும் தலை குனிந்தார்.

“எத்தன பேராம், டீச்சர்?”

“என்ன எத்தன பேரு?”

“மண்ணு சரிஞ்சதுலதான். பஸ்ஸு ஒன்னு அடியில மாட்டிக்கிச்சுன்னு கடையில பேசிக்கிறாங்க.” அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். “அதுக்குத்தானே எல்லாரும் நிக்கிறீங்க?”

விஜேந்திரன் கண் திறக்காமலே உதட்டில் விரலை வைத்தார்.

பசறை வீதியில் இரண்டு மணியிலிருந்து ஒரு வாகனமும் ஓடவில்லை.