கூடவே கட்டி அனுப்பிய லைப்ரரி

கொதிகலன் அறையின் லினக்ஸ் கணினிக்கு வயது பதினான்கு. புதிய எச்சரிக்கை மென்பொருள் தலைகீழாக நின்றாலும் அதில் ஓடவில்லை. அதற்கு வேண்டிய லைப்ரரிகள், அதாவது மென்பொருள் ஓடத் துணைநிற்கும் நிரல் தொகுப்புகள், அங்கே அரதப் பழசு. அதனால் புரோகிராமர் தன்னிடமிருந்த லைப்ரரிகளை மென்பொருளோடு ஒரே ஃபோல்டரில் போட்டு அனுப்பினான். இனி அது கணினியில் உள்ளதை ஏறெடுத்தும் பார்க்காது, கூட வந்ததைத்தான் எடுக்கும்.

அங்கே ஆபரேட்டராக இருந்தவர் அவன் மனைவியின் அண்ணன். "கட்டுச்சோறே கட்டிக் குடுத்துட்டீங்களே மாப்ளே!" என்று போனில் சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு லைப்ரரியில் கோளாறு தெரிந்தது. நிறுத்தாமல் வாரக்கணக்கில் ஓடினால் மென்பொருள் உறைந்துவிடுமாம். பழைய கணினிகளுக்கும் திருத்தம் வந்தது.

"திருத்தம் போட்டாச்சு மாப்ளே. வேற ஏதும் செய்யணுமா?"

"அவ்வளவுதான் மச்சான், நிம்மதியா இருங்க" என்றான். தான் அனுப்பிய ஃபோல்டர் அவன் நினைவிலேயே இல்லை.

எட்டாவது வாரம் கொதிகலன் வெடித்தது. எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை. மச்சான் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

விசாரணைக் குழு பழியைச் செத்தவர் தலையில் போட்டது, அவர்தான் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லையே. திருத்தத்தை ஆபரேட்டர் சரியாகப் போடவில்லையாம்.

மனைவி அறிக்கையை அவன்முன் வீசினாள். "எங்கண்ணன் அப்படி அசட்டையா இருக்கற ஆளா? நீங்களே சொல்லுங்க."

அன்று அனுப்பிய ஃபோல்டரின் நகல் அவனிடம் இருந்தது, திறந்து பார்த்தான். கோளாறான பழைய லைப்ரரி குத்துக்கல் மாதிரி அங்கேயே இருந்தது. திருத்தம் கணினியின் லைப்ரரிக்குத்தான் போயிருக்கிறது, மென்பொருள் கடைசிவரை இதைத்தான் எடுத்திருக்கிறது.

"உங்கண்ணன் சரியாத்தான் போட்டாரு" என்றான். "ஊசிப்போனது நான் கட்டிக் குடுத்தது."