மாமனாரின் பெயர்

"பேர் சொல்லிக் கூப்பிட முடியலக்கா. அது எங்க மாமனார் பேரு."

காலைக் கூட்டத்தில் இதைச் சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது புருலுக்கே உறைத்தது. அதுவரை அவளைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த தலைமைச் செவிலி கனிஷாய் சட்டென்று நிறுத்தினாள். அவளைப் புதிதாகப் பார்ப்பவள்போல் பார்த்தாள்.

"என்ன, உன் மாமனார் பேரும் ஜோல்தோஷா?"

புருல் தலையாட்டினாள். அந்தமட்டில் அது உண்மைதான்.

"அடிப்பாவி, அப்பவே சொல்லக் கூடாதா? இந்தக் காலத்துல எந்த மருமக இதெல்லாம் பாக்கறா? எங்க வீட்டுல இருக்குது ஒண்ணு, மாமியாரைப் பேர் சொல்லாதது ஒண்ணுதான் பாக்கி." கூட்டம் சிரித்தது. மூலையில் இருந்த வயதான மருத்துவர்கூட, நல்ல வளர்ப்பு என்பதுபோல் தாடியைத் தடவிக்கொண்டார். இனி ஜோல்தோஷுக்கு வேறு யாராவது ஊசி போடட்டும் என்பதோடு விசாரணை முடிந்தது. வேலை போய்விடும் என்று வந்தவள் பாராட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

முந்தைய நாள் நடந்தது இவ்வளவுதான். ஆண்கள் பகுதியில் ஜோல்தோஷ் என்ற பெரியவருக்குச் சர்க்கரை வியாதி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். பக்கத்துக் கட்டில் மாம்பெத் நெஞ்சுச் சளிக்காக வந்தவர். அவருக்குச் சர்க்கரையே கிடையாது. மலை ஊரான நாரினின் குளிர் அவரை உலுக்கியெடுப்பதைப் பார்த்த ஜோல்தோஷ், வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரோரத்துத் தன் கட்டிலை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். புருல் கட்டிலைப் பார்த்தாள், ஆளைப் பார்க்கவில்லை. பேரைச் சொல்லிக் கேட்காமல், "அத்தா, கை" என்றாள். நர்ஸ் கேட்டால் நோயாளி என்ன வழக்காடவா போகிறார்? மாம்பெத் கையை நீட்டினார். சூப் வருவதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, கண் செருகிவிட்டது. மருத்துவர் ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றியதில் ஆள் பிழைத்தார்.

மாமனார் பெயருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஜோல்தோஷ் வந்து சேர்ந்த நாளிலிருந்து அவரை அவள் வாய் நிறையப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டு வந்தாள். வீட்டில் அந்தப் பெயர் நாக்கில் வராது. மாமனாரை 'அத்தா' என்பதோடு சரி. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அது பத்தோடு பதினொன்று. ஒரு நாள் முழுக்க வேலை, மூன்று நாள் ஓய்வு என்பதுதான் முறை. ஆனால் பாதி நர்சுகள் மாஸ்கோவுக்குப் பறந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு ஒரு நாள் வேலை, மறுநாள் தூக்கம் என்று பேருக்கு ஒன்று, திரும்பவும் வேலை. அன்றைக்கு அவள் காய்ச்சலில் கிடந்த இன்னொருத்தியின் முறையையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் களைப்பு என்று சொன்னால், அங்கே யார்தான் களைக்காதவர்கள்? அதைவிட, களைப்பு என்று ஆரம்பித்தால் மற்றதும் வாயில் வந்துவிடுமோ என்று பயந்தாள். கொஞ்ச நாளாகவே அவள் முகங்களைப் பார்ப்பதில்லை. கட்டில், கை, அடுத்த கட்டில், அடுத்த கை. மாம்பெத்தின் கண் செருகியபோது அவள் மனசில் முதலில் வந்தது ஐயோ என்பதுகூட அல்ல. இன்றைக்கும் நேரத்துக்கு வீட்டுக்குப் போக முடியாது என்ற எரிச்சல். அதற்குப் பின்னால்தான் பயமும் மற்றதும் வந்தன. தான் எப்போது இப்படி ஆனோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை நினைத்தாலே உடம்பு கூசியது.

ஊர் சின்னது. அவள் போய்ச் சேருவதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விட்டது. மாமனார் ஜோல்தோஷ் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வேலை முடிந்து வரும் மருமகளை, "வாங்க டாக்டரம்மா, வீடு அடையாளம் தெரிஞ்சுதா?" என்று குத்துவதுதான் அவர் வழக்கம். அன்று அவர் எழுந்து, தன் கையால் கிண்ணத்தில் தேநீர் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"குடி தாயி. உன்னை நான் தப்பா நினைச்சிட்டேன்" என்றார். கல்யாணமாகி வந்த நாளாக அவர் அவளைத் தாயி என்றதில்லை. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அத்தா, அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாத. என் பேரால ஒரு மனுசன் சாகக் கிடந்திருக்கான். நான் போய் அவனைப் பாக்கணும்."

தடுத்துப் பார்த்தாள். அவரா கேட்பார்? மறுநாள் அவளோடு கூடவே கிளம்பிவிட்டார், தூக்கில் ஆட்டுச்சாறும் துணியில் சுற்றிய பொரித்த ரொட்டியுமாக.

மாம்பெத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பொக்கை வாய் திறந்து சிரித்தார். "அட, அந்தப் பேர்க்காரர் நீங்கதானா? உங்க புண்ணியத்துல மேல போய் ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டு வந்தேன். அங்கயும் குளிருதய்யா!"

மாமனார் சிரிக்கவில்லை. இருமுறை மன்னிப்புக் கேட்டார். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி புருலிடம் திரும்பினார். "மருமகளே, உசுரைவிடப் பேர் பெருசில்ல. நானே சொல்றேன், என் முன்னாலயே சொல்லு. இந்தப் பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிடு. இனிமே உனக்கு எந்தத் தடையும் கிடையாது."

பக்கத்துக் கட்டிலில் அந்த இன்னொரு ஜோல்தோஷ் மாமனார் பகிர்ந்து கொடுத்த சாற்றில் ரொட்டியைத் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோகப் போனார். அவர் தலை நிமிர்ந்தது. "ஜோல்தோஷ் அத்தா, நேத்து தூங்கினீங்களா? ஜோல்தோஷ் அத்தா, இந்தக் கை வேணாம், அந்தக் கையைக் காட்டுங்க" என்று அவள் கூப்பிட்டதெல்லாம் அவர் காதில்தானே விழுந்தது. புருல் அவரைப் பார்த்தாள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு ஒரு நோயாளியின் முகத்தை முழுசாகப் பார்த்தாள். மஞ்சள் பூத்த கண், ஒரு பக்கம் மழிக்காமல் விட்ட தாடை. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வாயைத் திறந்தாள். பெயரும் வரவில்லை, உண்மையும் வரவில்லை.

"விடுங்க, என் பேர்க்காரரே" என்றார் அந்த ஜோல்தோஷ், ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு. "பாவம், அதுக்கு வராது. நான் வந்த நாளா ஒரு தடவைகூட இந்தப் பொண்ணு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல."

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புருலுக்கு நின்ற இடத்தில் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அந்தப் பெரியவர் தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

"சாப்பாட்டுக்கு முன்னால ஊசி போடணுமில்ல?" என்றார் அவர். "வேற யாரும் வேண்டாம், நீயே போடும்மா." சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் மருந்தை ஏற்றி, அளவை ஒளியில் பிடித்துப் பார்த்து, பஞ்சால் தோலைத் துடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மாமனார் இரண்டு கைகளையும் ஏந்தினார். "என் மருமக வாக்கு என்னைக்கும் சுத்தமா இருக்கணும். அவ கை பட்டவங்க நல்லாருக்கணும்." ஆசி சொன்னால் கூட இருப்பவர்களும் கை ஏந்த வேண்டும். மாம்பெத் ஏந்தினார். எதிர்வரிசைக் கட்டில்களில் இருந்தவர்களும், ஏனென்று தெரியாமலேயே, ஏந்தினார்கள். ஜோல்தோஷுக்கு ஒரு கை அவளிடம் இருந்தது. மிச்சமிருந்த மற்றொரு கையை மட்டும் விரித்து மடியில் வைத்துக்கொண்டார். புருலின் இரண்டு கைகளிலும் வேலை இருந்தது. ஆமீன் என்று எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டபோது, ஊசி முனையில் ஒரு சொட்டு மருந்து திரண்டு நடுங்கிக்கொண்டிருந்தது.