வீங்கிய அணுக்கள்

திரையில் அந்த மருந்து மூலக்கூறு சர்க்கரை வளையத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை அச்செடுத்து, நகர விளிம்பிலுள்ள கயலிட்ஷா குடியிருப்புக்குக் கொண்டுபோய் அக்கா லிண்டெல்வாவிடம் காட்டியிருந்தாள் பபால்வா. காசநோய் மருந்து இந்த வளையத்துக்குள் புகுந்துகொண்டால் அதன் கசப்பு நாக்குக்குத் தெரியாது என்றாள். அக்காவின் மகள் சீவே தினமும் காலையில் மருந்தைத் துப்பிவிடுகிறாள். லிண்டெல்வா படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள்.

திங்கட்கிழமை ருவைதா, முந்தின நாள் சுட்ட கூசிஸ்டர் என்ற தேங்காய்ப்பூ தூவிய பலகாரத்தில் மிஞ்சியதைத் தட்டில் ஏந்திக்கொண்டு ஆய்வகத்துக்குள் வந்தாள். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் அந்தச் சர்க்கரை வளையத்தின் படிகங்களோடு பபால்வாவைவிட அதிக காலம் குடித்தனம் நடத்தியவள்.

"உள்ள போயிடுச்சாமே? எங்க, காட்டு உன் மாப்பிள்ளைய."

பபால்வா திரையைத் திருப்பினாள். ருவைதா விரலில் ஒட்டிய தேங்காய்ப்பூவைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள்.

"ஏன்டீ, எல்லா அணுவும் பாசிமணி மாதிரி ஒரே சைஸ்ல இருக்கு?"

பதில் வருவதற்குள், கணக்கில் வந்த அளவிலேயே அணுக்களைக் காட்டும் பொத்தானைத் தட்டினாள். வளையத்தின் அணுக்கள் அளவாகவே நின்றன. உள்ளிருந்த மருந்தின் அணுக்கள் மட்டும் ஊதிப் பெருத்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. இந்த வேலை தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். அணு இல்லாத இடத்தில் அணுவை வைத்தால் அது வீங்கும். கணக்கு அதைப் பரப்பிப் பரப்பி, இல்லாததற்குச் சமமாக்கப் பார்க்கும்.

படிகத்தின் எக்ஸ்ரே பதிவு வளையத்துக்குள் காட்டியது மங்கலான ஒரு கறையைத்தான். அதன்மேல் மருந்தின் வடிவத்தைப் பொருத்தி, விலகாமல் கட்டிவைத்தது பபால்வா. வீக்கத்தைப் பொருத்திய அன்றே பார்த்தாள். பார்த்ததும் படத்தை ஒரே அளவுச் சின்ன உருண்டைகளாக மாற்றிக்கொண்டாள். வேறு யாரும் இல்லாத அறை. யாரிடமிருந்து மறைத்தேன்? சீவேயின் இறுக மூடிய வாய்க்காக என்று சொல்லிக்கொள்ளலாம். அது முழு உண்மை இல்லை. இத்தனை வருடப் படிப்பில் அக்காவின் வீட்டுக்குள் எடுத்துப்போக அவளிடம் இதுவரை எதுவும் இருந்ததில்லை.

"மருந்த எடுத்துட்டுக் கணக்க ஓட்டிப் பாரு," என்றாள் ருவைதா.

"எடுத்துட்டா உள்ள ஒண்ணுமே இருக்காதுக்கா."

"ஏன், தண்ணி இருக்கும். இந்த வளையத்துக்கு எத்தன தடவ தண்ணியவே மாப்பிள்ளைன்னு கட்டிவச்சு ஏமாந்திருக்கேன் தெரியுமா? தின்னுட்டு ஓட்டு."

பபால்வா தின்னவில்லை. அணுக்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். கணக்கு ஓடி முடிந்தபோது வளையத்துக்குள் சிதறிய சில புள்ளிகள் இருந்தன. தண்ணீர். மருந்து கரைசலிலேயே தங்கிவிட்டது, படிகத்துக்குள் வரவேயில்லை. கணக்கின் எண்கள் எக்ஸ்ரே பதிவோடு முன்பைவிடச் சரியாகப் பொருந்தின. அதுதான் அவளுக்கு வலித்தது. அவள் ஆசைப்பட்டதை வெளியேற்றியதும் எல்லாம் ஒழுங்காகிவிட்டது.

மறுநாள் காலையில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது லிண்டெல்வா கரண்டியும் கையுமாக நின்றாள். சீவே மேசைக்கடியில் இருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா. இனிப்பு மருந்து எங்க?"

"உள்ள போகலக்கா. தண்ணிதான் இருந்துச்சு. இருக்கும்னு நானே நெனச்சுக்கிட்டேன்."

லிண்டெல்வா குளிர்பெட்டிக் கதவைப் பார்த்தாள், பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"தண்ணியக் கண்டுபிடிக்கவா அவ்வளவு பெரிய மெஷினு? தெருக்குழாய்க்கு வந்திருந்தா நானே காட்டியிருப்பேனே." குரலில் சிரிப்பு இருந்தது, முகத்தில் இல்லை. "சரி, பிள்ளையப் பிடி."

பபால்வா சீவேயை மடியில் இருத்திக்கொண்டாள். ஒல்லியான முதுகு விறைத்தது. கரண்டி அருகே வந்தபோது பபால்வாவுக்கு ஒன்று தோன்றியது. இந்த மூலக்கூறின் ஒவ்வொரு பிணைப்பின் நீளமும் அவளுக்குத் தெரியும். ஒருநாளும் ருசித்துப் பார்த்ததில்லை. கரண்டியிலிருந்த மருந்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கசப்பு தொண்டைவரை இறங்கிக் கண்ணில் நீர் முட்டியது.

சீவே திரும்பி அவள் முகத்தையே பார்த்தாள்.

"கசக்குதா சித்தி?"

"கசக்குதுடா. ரொம்ப."

சீவே வாயைத் திறக்கவில்லை. ஆனால் இந்தமுறை கரண்டியைத் தட்டிவிடவும் இல்லை.