பெருச்சாளியை ஓட்டும் கை

எங்கள் சண்டை ரோபோவுக்குப் பெருச்சாளி என்று பெயர். முழங்காலுக்குக் கீழே உயரம், ஒரு சூட்கேஸ் அளவு அகலம், மூக்கில் சுழலும் இரும்புப் பட்டை. உடம்பைச் செய்தவர் என் கணவர். பட்டறையில் பம்பு மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறவர். உள்ளே இருக்கிற மின்சாரச் சமாசாரம் எல்லாம் கொழுந்தன் வேலை. கம்ப்யூட்டர் படித்து ஆபீஸுக்குப் போகிறவர். ஓட்டியவள் நான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாருக்கும் அது மறந்துபோயிற்று.

ஆரம்பத்தில், ரோபோச் சண்டைப் போட்டி நடத்தும் சங்கத்திலிருந்து ஒரு பழைய ரிமோட்டை இரவல் கொடுத்திருந்தார்கள். இரண்டு குச்சி வைத்தது. இடது குச்சி இடது பக்கத்துச் சக்கரங்களுக்கு, வலது குச்சி வலது பக்கத்துக்கு. இரண்டையும் முன்னே தள்ளினால் நேராகப் போகும். ஒன்றை முன்னேயும் ஒன்றைப் பின்னேயும் தள்ளினால் நின்ற இடத்திலேயே பம்பரம். அண்ணனும் தம்பியும் அதை வைத்துக்கொண்டு பட்டறைச் சுவரோடுதான் சண்டை போட்டார்கள். நான் காலி பெயின்ட் டப்பாக்களைப் பரப்பி, அவற்றுக்கு நடுவே தினமும் ஓட்டிப் பழகினேன். சங்கத்தில் நடந்த பயிற்சிச் சண்டையில் எதிராளியை மூலையில் தள்ளி, அசைய விடாமல் நிறுத்தினேன். "பின்னிட்டீங்க அண்ணி" என்று குதித்தவர் இதே கொழுந்தன்தான்.

போட்டி நெருங்கியபோது இரவல் ரிமோட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். புதிது வாங்கக் கிளம்பினார்கள் இரண்டு பேரும். நானும் வருகிறேன் என்றேன்.

"இந்த வெயில்ல நீ எதுக்கு?" என்றார் கணவர். கல்யாணமான நாளிலிருந்து என்மேல் வெயில் படுவதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அவர்கள் கொண்டுவந்தது துப்பாக்கி மாதிரி இருந்தது. பிடியைப் பிடித்து விசையை விரலால் இழுத்தால் வண்டி ஓடும். பக்கவாட்டில் ஒரு சின்னச் சக்கரம், அதைத் திருகினால் திரும்பும். பொம்மைக் கார் ஓட்டுகிறவர்கள் வைத்திருப்பது.

"ரெண்டு பக்கத்து வேகத்தையும் அதுவே கலந்து குடுத்துடும் அண்ணி" என்றார் கொழுந்தன். "ஓட்டுறவங்க யோசிக்கவே வேணாம்."

"நான் யோசிச்சுதானே தம்பி ஜெயிச்சேன்?"

"பழகிடும்."

"போட்டிக்குள்ளயா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "அதான்… இந்தத் தடவை மட்டும் வேணா நான் ஓட்டிக்கிறேன்."

ஓட்டிப் பார்த்தேன். மூன்று வயதில் பிடித்த கரண்டியைப் பிடுங்கி, இடது காலால் சாப்பிடு என்றால் எப்படி இருக்கும்? பெருச்சாளி தள்ளாடிப் போய்க் கதவில் முட்டிக்கொண்டு நின்றது. கணவர் 'அச்சச்சோ' என்றார். அது கதவுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

நான் செருப்புக்கடை வீட்டில் வளர்ந்தவள். வேண்டாத வாடிக்கையாளர் வந்தால் என் அப்பா ஒருநாளும் போ என்று சொல்லமாட்டார். சிரித்த முகத்தோடு, கால் அளவுக்கு ஒன்று குறைவாகவே எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். வந்தவர் தன் காலைத்தான் நொந்துகொண்டு வெளியேறுவார். அந்த வித்தையை என்னிடமே காட்டுகிறார்கள். அதுவும் விற்கத் தெரியாதவர்கள்.

மறுநாள் ரிமோட்டைப் பெட்டியோடு பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கொக்கி கொக்கியாய் ஒயர் பாக்கெட்டுகள் தொங்க, கண்ணாடி மேசைக்குள் குட்டி விமானங்களின் இறக்கைகள். பெட்டியை எடுத்து அதன்மேல் வைத்தேன். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலையா?"

"அவருக்கு வேலை இருக்கு. ரெண்டு குச்சி ரிமோட் இருக்கா?"

"பையனுக்கா மேடம்?"

"எனக்கு."

"லேடீஸுக்கு நீங்க வெச்சிருக்கறதுதான் சுலபம். ஒரு கை போதும்."

"இன்னொரு கையில என்ன பண்ணணும், உங்களுக்கு விசிறணுமா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்த ஆள் உண்மை பேசுவார். "ரெண்டு குச்சி வெச்சதும் அதே விலைதான் மேடம். முதல்ல அதைத்தான் எடுத்துக் காட்டினேன். அந்தத் தம்பிதான் வேணாம்னாரு."

"என்ன சொல்லி?"

"ரெண்டு கையால ஓட்டி எங்க வீட்டுல யாருக்கும் பழக்கமில்லன்னாரு."

"கூட ஒருத்தர் வந்தாரே, அவரு?"

"அவரு ஒயர் பாத்துட்டிருந்தாரு."

யாருக்கும் பழக்கமில்லை. வெயிலில் டப்பா டப்பாவாய்ச் சுற்றி இரண்டு கட்டைவிரலும் காய்த்துப்போனவள் யாருமில்லை. சோறு கேட்கும்போது மட்டும் நான் வீட்டில் ஒருத்தியாகிவிடுவேன் போலிருக்கிறது. தம்பி சொன்னது எரிந்தது. இவர் ஒயர் பார்த்தது அதைவிட எரிந்தது.

"இப்பவே மாத்தித் தந்துடறேன் மேடம்" என்றார் கடைக்காரர்.

வேண்டாம் என்றேன். நானே மாற்றிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் என் பிடிவாதம். கடைசிவரை அப்படியே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பட்டறையில் இருவரும் பெருச்சாளியைக் கவிழ்த்துப் போட்டுத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டியை அதன் வயிற்றின்மேல் வைத்தேன்.

"என்னங்க, போட்டியில யாரு ஓட்டுறது?"

"இப்ப எதுக்கு அது…"

"யாருன்னு வாயைத் திறந்து சொல்லுங்க."

கணவர் திருப்புளியைத் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை. "தம்பி ஆசைப்பட்டான்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ சண்டை போடுவே."

"போடுவேன். ஆனா அது நேருக்கு நேர் போடற சண்டை. நீங்க சொல்லாமலே முடிச்சிட்டீங்க."

"அண்ணி, என் ஆபீஸ்ல எல்லாரும் பாக்க வர்றாங்க" என்றார் கொழுந்தன் தணிந்த குரலில். "நான்தான் ஓட்டுறேன்னு சொல்லிட்டேன்."

"கடைக்காரர்கிட்டயும் ஒண்ணு சொல்லியிருக்கீங்க தம்பி. எங்க வீட்டுல யாருக்கும் பழக்கமில்லன்னு."

கொழுந்தன் காது சிவந்தது. கணவர் சட்டென்று தம்பியைப் பார்த்தார். ஒயர் பார்த்தபோது அது அவர் காதில் விழவில்லையோ, விழுந்தும் விழாதது மாதிரி இருந்துவிட்டாரோ, நான் கேட்கவில்லை.

"வேணும்னா ரெண்டு பேரும் ஓட்டிக் காட்டுங்க" என்றார் கணவர், நியாயம் பேசுகிறவர் போல. "யாரு நல்லா ஓட்டுறாங்களோ…"

"நான் ஓட்டிக் காட்டியாச்சு. சங்கமே பாத்துச்சு. இருக்கற வேலைக்கு மறுபடி மனு போடமாட்டேன்."

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேரத்தில் முதலில் வாய் திறப்பவர் இறங்கி வருவார் என்பது எனக்குப் பால்குடியிலேயே தெரியும். கணவர்தான் இறங்கினார்.

"நாங்க பண்ணினது தப்பு. ஓட்டுறது அண்ணிதான்டா. போய் மாத்திட்டு வா."

"ஆபீஸ்ல என்ன சொல்றதுண்ணா?"

"இதைத்தான்."

"நானும் வர்றேன்" என்றேன். வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லை.

கடைக்காரர் எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் இரண்டு குச்சி ரிமோட்டை எடுத்து, கொழுந்தனிடம் நீட்டினார். நான் குறுக்கே கைநீட்டி வாங்கினேன். வலது குச்சி விட்டதும் நடுவுக்கு வந்தது. இடது குச்சி தள்ளின இடத்திலேயே நின்றது.

"இது திரும்பி வரலையே."

"அது விமானம் ஓட்டுறவங்களுக்கு. உள்ள ஒரு ஸ்பிரிங் மாட்டினா வந்துடும். அதுக்குத் தனியா…"

"மாட்டித் தந்தாத்தான் இது எனக்கு ரிமோட். அதுவரைக்கும் உங்க சரக்கு."

முனகிக்கொண்டே பின்பக்க மூடியைக் கழற்றினார். ஒரு டப்பாவிலிருந்து ஸ்பிரிங்குகளைக் கொட்டி, பழக்கதோஷத்தில் கொழுந்தன் பக்கம் நிமிர்ந்தார்.

"கெட்டியா வேணுமா சார், இளக்கமாவா?"

கொழுந்தன் வாயைத் திறந்தார். மூடினார்.

"ஓட்டுறது அண்ணி. அவங்களைக் கேளுங்க."

"கெட்டியா" என்றேன்.