அட்டையில் உள்ள விலாசம்

நண்பகல் ளுஹர் பாங்குக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நதீரா கல்முனைக்குடியின் அந்தக் குறுகிய ஒழுங்கைக்குள் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். மணல் சக்கரத்தைப் பிடித்தது.

நான்கு நாளில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். தொற்றுநோயியல் முதுமாணிப் பட்டத்துக்காக டொக்டர் வேலையிலிருந்து எடுத்த இரண்டு வருடப் படிப்பு விடுமுறை இந்த மாதத்தோடு முடிகிறது. ஐம்பத்தெட்டு டெங்கு நோயாளர்களை ஆஸ்பத்திரிப் பதிவில் இருந்த விலாசப்படி ஊர்ப்படத்தில் சிவப்புப் புள்ளிகளாக்கியிருந்தாள். அவற்றில் இருபத்தொன்று இந்த ஒரே ஒழுங்கையில். அதுதான் அவளுடைய கண்டுபிடிப்பு. ஒரு வீட்டில் மட்டும் மூன்று. அங்கே எத்தனை பேர் எந்த அறையில் படுக்கிறார்கள் என்று எழுதிவிட்டால் கடைசி அட்டவணையும் நிரம்பிவிடும்.

அந்த வீட்டுக்காரி ஸம்ஸியா கதவைத் திறந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சீலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு நதீராவின் கையிலிருந்த கோப்பைப் பார்த்தாள்.

"நீங்கதானா அந்தப் படம் கீறின புள்ள?"

நதீரா தலையசைத்தாள். படத்தின் ஒரு பிரதியைச் சுகாதார அலுவலகத்துக்குக் கொடுத்திருந்தாள். அங்கே சுவரில் ஒட்டினார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள். வாட்ஸ்அப்பில் அது ஊர் சுற்றியது.

"வாங்க, இரிங்க. மூணு தரம் வந்து புகையடிச்சிட்டுப் போயிட்டாங்க. நுளம்பு செத்திச்சோ தெரியா. எங்கட கோழி ரெண்டு செத்திச்சி."

நதீரா படிவத்தை விரித்தாள். "லாத்தா, ராவைக்கு இந்த ஊட்ட எத்தின பேர் படுக்கிற?"

"நானும் மகள் அப்ராவும். வேற ஆரு?"

"காய்ச்சல் வந்த மகன்மார் மூணு பேர்?"

"அவனுகள் இஞ்ச எங்க?" ஸம்ஸியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கலியாணம் முடிச்ச ஆம்புளயள் உம்மாட ஊட்டயா கிடக்கிற? மூத்தவன் சாய்ந்தமருதுல, நடுவுலான் மருதமுனையில, கடைசியான் நிந்தவூர்ல. எல்லாம் பொண்டாட்டிமார்ர ஊட்ட."

"காய்ச்சல் வந்த நேரம்?"

"அங்கதான். நான் கஞ்சி காச்சி மூணு ஊருக்கும் பஸ்ஸில கொண்டு திரிஞ்சன். ஆஸ்பத்திரியில ஐடென்டிகாட்டக் குடுத்திருப்பானுகள். அதில இன்னும் இந்த விலாசம்தானே."

பேனா படிவத்தின் மேல் நின்றது.

"ஒங்கட மாப்புள எங்க இரிக்கார்?" ஸம்ஸியா கேட்டாள்.

"எங்கட ஊட்ட."

"அவர்ர ஐடென்டிகாட்டுல?"

"அக்கரைப்பற்று. மாமிர விலாசம்."

"பொறகென்ன? கொழும்புக்குப் படிக்கப் போய் இதயும் மறந்துட்டீங்களோ?"

உள்ளேயிருந்து அப்ரா பிளேன்டீ கொண்டுவந்தாள். வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் மறையும் வரை ஸம்ஸியா பொறுத்திருந்தாள். பிறகு குரல் தாழ்ந்தது.

"போன சனிக்கிழம இவட மாப்புள ஊட்டார் கலியாண நாள் குறிக்க வாறண்டாங்க. வரல. கோல் எடுத்தா, அவர்ர உம்மா சொல்றா, என்ட மகன அந்தக் காய்ச்சல் ஊட்டயா கொண்டு இருத்துறண்டு. அவட பக்கமும் நியாயம்தான் மகள். பெத்தவ. அவன் வந்து இரிக்கப்போற ஊடு இதுதானே."

நதீரா தேநீரை முழுவதும் குடித்தாள்.

வீட்டுக்கு வந்து தொழுதாள். பிறகு படிவங்களில் இருந்த தொலைபேசி எண்களுக்கு ஒவ்வொன்றாக அழைத்தாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: காய்ச்சல் வந்தபோது எந்த வீட்டில் இருந்தீர்கள்? சிலர் சிரித்தார்கள். ஒருவன், "வேற எங்க டொக்டர், மாமிர ஊட்டதான், அடியும் அங்கதான்" என்றான்.

பிற்பகல் அஸருக்கு முன் முடிந்துவிட்டது. இருபத்தொன்றில் பதினான்கு பேர் அந்த ஒழுங்கையில் இல்லை; பதினான்கும் ஆண்கள். பெண்களின் விலாசங்கள் எல்லாம் சரி. அந்த ஒழுங்கையின் பெண்பிள்ளைகளில் பலருக்கு வயற்கரையில் மண் நிரப்பிய காணிகளில் வீடு கட்டிக் கொடுத்தாயிற்று; அட்டையில் விலாசத்தையும் மாற்றிக்கொண்டு கணவன்மாரோடு அங்கேயே இருந்தார்கள். பழைய வீடுகளில் தாய்மார் இருந்தார்கள். மகன்மார் அட்டையில் மட்டும் இருந்தார்கள். அவள் பதினான்கு புள்ளிகளையும் அவரவர் இடத்துக்கு நகர்த்தினாள். திரண்டிருந்த சிவப்பு நான்கு ஊருக்குமாகச் சிதறியது. காட்டுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

மேற்பார்வையாளர் டொக்டர் இமக்குலேற் கல்முனையில் பிறந்தவர். இருபது வருடமாகக் கொழும்பில். போனில் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"அழுறீங்களா நதீரா?"

"இல்ல மேடம்."

"நல்லம். எனக்கும் பிடிபட்டிருக்க வேணும். நானும் அந்த ஊராள்தானே. திரும்பச் செய்யிறதெண்டா ஒரு வருஷம் போகும். லீவு நீட்டமாட்டாங்க."

"ஓம் மேடம்."

"அப்ப இப்பிடிச் செய்வம். படம் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். விலாசம் அடையாள அட்டைப்படி எடுத்தது எண்டு ஆய்வின்ர குறைபாடுகள், மட்டுப்பாடுகள் அத்தியாயத்தில ஒரு வரி போடுங்க. அது பொய் இல்ல. பரீட்சகர்மார் அத வாசிப்பாங்க, விளங்கிக்கொள்ளுவாங்க. வெள்ளிக்கிழமை குடுத்திடலாம்."

நதீரா கணினித் திரையைப் பார்த்தாள். பழைய படமும் புதிய படமும் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருந்தன.

"மேடம், அந்த ஒரு வரிய அந்த ஒழுங்கையில ஆரு வாசிக்கப் போறாங்க?"